எங்க தெறிச்சுது?

வானத்துல சுத்துற செயற்கைக்கோள் பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் குச்சிங்க நெருக்கியடிச்சு நிக்கும். தூரத்துல நட்சத்திரம் வெடிச்சா, காமா கதிர் வந்து நடுக்குச்சிமேல மோதி, மூலைக்குச்சி மாதிரி பக்கத்துல இருக்குற ஏதோ ஒரு குச்சிமேல தெறிக்கும். எந்தப் பக்கம் அதிகமா தெறிக்குதுன்னு குச்சிங்க சொல்றத வச்சுதான், கதிர் எந்தத் திசையில அதிர்ந்து வந்துச்சுன்னு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்.

"உம்மேல பட்டு மிஞ்சின எச்சில்தானே அண்ணே எனக்கு? இனிமே எம்மேல பட்டாலும் வாயே திறக்கமாட்டேன்"னு நடுக்குச்சிகிட்ட கோவிச்சுக்கிச்சு மூலைக்குச்சி.

அன்னிக்குன்னு பார்த்து பெரிய வெடிப்பு. "எம்மேல பட்டுச்சு! எம்மேல பட்டுச்சு!"ன்னு நடு தொண்டை கிழியக் கத்துச்சு.

"பட்டது சரிய்யா, எங்க தெறிச்சுது? அது தெரியாட்டி குப்பைதான்"னுச்சு கம்ப்யூட்டர்.

நடு மூலைப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு. வெடிப்பு அணைய ஆரம்பிச்சிருச்சு.

மூலைக்குப் பாவமா போச்சு. "இங்கதான். எம்மேல"ன்னுச்சு.

அடுத்த கதிர் மோதினப்ப, நடு "பட்டுச்சு"ன்னு மெதுவா சொல்லிட்டு, "தம்பி, உங்கிட்ட வந்துச்சாடா?"ன்னுதான் கத்துச்சு.