பெட்டிக்குள் நர்ஸம்மா

தான் செத்துப்போன சங்கதி நர்ஸம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் தெரியவந்தது.

டிவியில் ஒரு குட்டி வீரன் நடந்துகொண்டிருந்தான். அவன் பின்னால் ஒரு மந்திரக்காரி. அவள் பின்னால், கயிறு கட்டி இழுத்த மாதிரி ஒரு சவப்பெட்டி.

பெட்டியில் யார் என்று சும்மாதான் கேட்டாள்.

அவள் வீட்டுக்காரர் கன்ட்ரோலரைப் பிடித்தபடி தொண்டையைச் செருமினார். ஊரில் நின்றுபோன லிப்டையெல்லாம் தட்டி எழுப்பி ஓய்வுபெற்ற மனிதர், இதற்கு மட்டும் பொத்தானையே தட்டிக்கொண்டிருந்தார். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த அவருடைய அக்காதான் சந்தோஷமாகச் சொன்னாள். பெட்டியில் இருப்பது நர்ஸம்மாவேதானாம்.

மகன் விட்டுவிட்டுப் போன பழைய வீடியோ கேம் அது. ஆரம்பிக்கும்போது கூட்டாளிகளுக்கு நாமே பெயர் வைக்க வேண்டும். வீரனுக்கு அவர் தன் பெயரை வைத்திருந்தார். மந்திரக்காரிக்கு அக்கா பெயர். காயத்துக்கு மருந்து போடுகிற வைத்தியச்சிக்கு மனைவி பெயர்.

நர்ஸம்மாவின் மடியிலிருந்து போர்வை நழுவி விழுந்தது.

"ஏங்க, நான் செத்து எத்தனை நாளாச்சு?"

நாள் கணக்கெல்லாம் இல்லை, மாசக் கணக்கு. ஆட்டத்தின் முதல் சேற்றுக்காட்டிலேயே அவள் கதை முடிந்திருந்தது.

சரி, கொன்றது யார்? டிராகனா, ராட்சதனா? அதுவும் இல்லை. ஒரு பச்சைக் கொழகொழப்பு. கண்ணும் வாயும் வைத்த ஜெல்லி. பச்சைக் குழந்தை தும்மினால் செத்துப்போகிற ஜந்து.

நர்ஸம்மாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆஸ்பத்திரியில் அவள் யார்? காலராவை முறைத்தே வார்டை விட்டு வெளியே அனுப்பியவள். அவள் ரவுண்ட்ஸ் வந்தால் பெரிய டாக்டரே பயந்துபோய்த் தன் நாக்கை நீட்டிக் காட்டுவார். அவளைப் போய் ஒரு ஜெல்லி கொன்றதாம். கொன்றதுகூடப் போகட்டும், செத்தவளை எழுப்ப ஊருக்கு ஒரு சாமியார் மணியும் கையுமாகக் காத்திருக்கிறாராம். அத்தனை ஊரையும் இந்த மனிதர் தாண்டி வந்திருக்கிறார். எரிமலை, பனிமலை, கடலடிக் குகை எல்லாவற்றிலும் அவளை மூட்டை முடிச்சு மாதிரி இழுத்துக்கொண்டே போயிருக்கிறார். காயம் பட்டால் ஏதோ இலையை மென்று துப்பிச் சமாளித்திருக்கிறார்.

அக்காவுக்கு மட்டும் குறையே இல்லை. ஜரிகை அங்கி, ரத்தினக் கோல், நெருப்பு, இடி, மின்னல்.

இப்போது அரக்கராஜனின் கோட்டை வாசலில் நிற்கிறார்கள். உள்ளே போனால் கடைசிச் சண்டை. அதில் தான் உயிரோடு நின்றே ஆகவேண்டும் என்றாள் நர்ஸம்மா.

எல்லாம் முடிந்ததும் அந்த நாட்டு ராஜாவே விருந்து வைத்து எல்லோரையும் எழுப்பிவிடுவார் என்று அவர் முனகினார்.

எழுப்பி என்ன, விருந்து முடிந்து பாத்திரம் கழுவவா என்று அவள் கேட்டாள். செத்தவர்கள் இவ்வளவு சத்தம் போட்டு அக்கா தன் ஆயுசில் பார்த்ததே இல்லையாம். அதையும் சொல்லிச் சிரித்தாள்.

நர்ஸம்மா கன்ட்ரோலரைப் பிடுங்கினாள். எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியவில்லை. வீரன் சுவரில் முட்டினான், பையைத் திறந்தான், மூடினான், மறுபடியும் முட்டினான். இந்த நிமிஷமே சாமியாரிடம் போகாவிட்டால் ஒயரை உருவி வாசலில் எறிந்துவிடுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள். அவர் முகம் வெளிறிவிட்டது.

அக்கா சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்து, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு எழுந்து போனாள்.

அவர் சட்டென்று மனைவியின் காதருகே குனிந்தார்.

இந்த ஆட்டத்தை அவர் ஏற்கெனவே ஒருமுறை முடித்துவிட்டாராம். அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்த சமயம் அது. அரக்கராஜன் விழும்போது, வீரனின் கூட்டாளிகளில் உயிரோடு இருக்கிற ஒருத்தரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடுவான். வாளும் தடுக்காது, மருந்தும் தடுக்காது, கதையே அப்படி. போனவர் பிறகு எழுவதே இல்லை, ராஜா வந்து மணியடித்தாலும். வைத்தியச்சி உயிரோடு இருந்தால் யாரும் கேட்காமலே அவளே முன்னால் போய் நிற்பாள். அப்போதும் அவளுக்கு இதே பெயரைத்தான் வைத்திருந்தாராம். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. குரல் ஏன் அடைத்திருக்கிறது என்று அவள் போனில் கேட்டதற்கு, சளி என்று சொல்லிவிட்டாராம்.

பெட்டியில் இருப்பவர்களை மட்டும் அரக்கராஜன் தொடுவதில்லை.

அதனால்தான் இந்தத் தடவை சேற்றுக்காட்டிலேயே அவள் கவசத்தைக் கழற்றிவிட்டு, இருப்பதிலேயே சாதுவான ஒரு ஜெல்லியாகத் தேடிப் பிடித்து, அதன் முன்னால் நிறுத்தியிருக்கிறார். ரொம்ப வலிக்கக்கூடாது என்று.

நர்ஸம்மா விழுந்து கிடந்த போர்வையை எடுத்து மடித்தாள். பிறகு, அப்படியானால் இந்தத் தடவை போகப்போவது யார் என்று கிசுகிசுத்தாள்.

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, டிவியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என்ன, பிணம் அடங்கிவிட்டதா என்று கேட்டாள்.

நர்ஸம்மா கன்ட்ரோலரை அவர் மடியில் மெல்ல வைத்தாள்.

"உங்க அக்காவுக்கு இன்னும் நல்ல தொப்பி ஏதாவது இருந்தா வாங்கிப் போட்டுட்டு, உள்ள கூட்டிட்டுப் போங்க."

இப்போதாவது உனக்கு நல்ல புத்தி வந்ததே என்றாள் அக்கா. நர்ஸம்மா டிவிக்கு நேராக ஒரு நாற்காலியை இழுத்து, தூசி தட்டி, அவளுக்குப் போட்டுக்கொடுத்தாள்.