தேயிலைப் பார்சல்

குன்ஷான் மனைவியின் வலது கையை இழுத்து வெட்டுக்கட்டையின்மேல் வைத்து அழுத்தினான்.

காலையில் வெட்டிய முயல்களின் ரத்தம் கட்டையில் இன்னும் காயவில்லை. குய்லானின் உள்ளங்கை அதில் வழுக்கியது.

"எந்த விரல்டி? கதை எழுதுற விரல் எது, சொல்லு!"

அவள் கட்டைவிரலை மட்டும் மெல்ல உள்ளே மடக்கிக்கொண்டாள். அவன் பார்த்துவிட்டான்.

அடுப்பில் மிளகாய் எண்ணெய் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. மாலை வியாபாரத்துக்கான எண்ணெய் அது. தப்பு அவளுடையதுதான். சீனாவின் சிகோங் நகரத்தில் முயல்கறிக் கடை வைத்துக்கொண்டு மிளகாய் எண்ணெயைக் கருகவிட்டால் எந்தக் கடைக்காரனுக்கும் கோபம் வரும். அதற்காக விரலையா கேட்பான்?

எண்ணெய் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அவளுடைய கைபேசியில் கதாநாயகி எதிரியின் கழுத்தில் வாளை வைத்திருந்தாள். எழுதுகிறவளுக்கு அடுப்பு எப்படி ஞாபகம் இருக்கும்?

இணையத்தில் அவள் எழுதும் நான்காவது தொடர்கதை இது. முதல் மூன்றும் அந்தரத்தில் தொங்குகின்றன. முதல் கதையில் எதிரி சிறைக்காவலன். இரண்டாவதில் உப்பு வியாபாரி. மூன்றாவதில் எல்லைப் படைத் தளபதி. அரச வம்சமும் வேலையும்தான் மாறும். ஆள் ஒரே ஆள்தான். பெயரைக்கூட அவள் மாற்றவில்லை.

ஒவ்வொரு கதையிலும் ஒரு பெண் அவனிடம் அடிபட்டு, மிதிபட்டு, கடைசியில் வாளோடு திரும்பி வருவாள். வாள் கழுத்துக்கு வந்ததும் குய்லானின் விரல் நின்றுவிடும். பயம்தான். கதையில்கூட அவனைக் கொல்ல அவளுக்குப் பயம்.

அங்கேயே விட்டுவிட்டு அடுத்த கதையைத் தொடங்கிவிடுவாள்.

வாசகர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். பாதி ஆற்றில் எங்களை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் கரையேறிவிடுகிறீர்களே அக்கா என்று திட்டினார்கள். முடிக்காவிட்டால் வீட்டுக்கு பிளேடு அனுப்புவோம் என்றார்கள். தொடரை நிறுத்துகிறவர்களை அப்படி மிரட்டுவது அங்கே வழக்கம். எல்லாம் வாய்ப்பந்தல் என்று அவளும் சிரித்துவிட்டு இருந்தாள். புத்தாண்டு வசந்த விழாவுக்குத் தேயிலை அனுப்புகிறோம், முகவரி கொடுங்கள் என்று அவர்கள் கேட்டபோது, பாவம் நல்ல பிள்ளைகள் என்று கடை முகவரியைக் கொடுத்தாள்.

குன்ஷான் வெட்டுக்கத்தியை ஓங்கினான்.

போன குளிர்காலத்தில் அவளுடைய இடது கைச் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கியவன் அவன். அது இன்றுவரை மடங்காது. ஆகவே அவன் வெட்டமாட்டான் என்று நினைப்பதற்கு அவளுக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

கத்தி இறங்கியது. விரலுக்கு ஒரு நகத்தளவு தள்ளிக் கட்டையில் பாய்ந்து நின்றது.

"இது ஒத்திகை," என்றான். கத்தியைப் பிடுங்கி மறுபடியும் ஓங்கினான்.

"தெங் கடை! பார்சல்!"

பார்சல் கொண்டுவந்த பெண் வாசலில் நின்று பார்த்தாள். பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, எதையும் பார்க்காதவள்போலப் போய்விட்டாள். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான்.

பெட்டியின்மேல் 'தேயிலை' என்று எழுதி, அவள் பெயர் போட்டிருந்தது.

"யாருடி அவன், உனக்குத் தேயிலை அனுப்புறவன்?"

அவள் கையை விடாமலே கத்தி முனையால் பெட்டியைக் கிழித்துக் கட்டையின்மேல் கவிழ்த்தான். முயல் ரத்தத்தில் பிளேடுகள் கொட்டின. பளபளவென்று, புதுசாக, கொத்துக் கொத்தாக. பின்னாலேயே ஒரு தாள் விழுந்தது.

குன்ஷான் முதலில் முழித்தான். பிறகு சிரித்தான். கத்தி பிடித்த கையாலேயே தாளை எடுத்து, பெண் குரலில் நெளித்து நெளித்துப் படித்தான்.

"அக்கா, நாலு கதையா காத்திருக்கோம். ஒவ்வொரு தடவையும் கழுத்துவரைக்கும் கொண்டுவந்து விட்டுடுறீங்க. உங்க வாள் மழுங்கிப்போச்சுன்னா இதை வெச்சுக்குங்க. இந்தத் தடவையாவது தயவுசெஞ்சு..."

அங்கே அவன் குரல் நின்றது. உதடு மட்டும் அசைந்தது.

"படிங்க," என்றாள் குய்லான்.

அவள் தலையைச் சாய்த்து, மிச்சத்தைத் தானே வாய்விட்டுப் படித்தாள்.

"இந்தத் தடவையாவது தயவுசெஞ்சு தெங் குன்ஷானைக் கொன்னுடுங்க."

கீழே தாள் நிறைய ஊர்ப் பெயரோடு கையெழுத்துகள். ஹார்பினில் ஒருவர், குன்மிங்கில் ஒருவர், ஷான்தோவில் மூன்று பேர். பின்பக்கமும் இருந்தது.

"யாரு இவங்கல்லாம்?" அவன் குரல் தெருவுக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"என் கதையைப் படிக்கிறவங்க."

"எத்தனை பேரு?"

"எண்ணினதில்லீங்க. எல்லாருக்கும் கடை எங்க இருக்குன்னு தெரியும்."

குன்ஷான் தெருவைப் பார்த்தான். எதிர்க்கடை வாசலில் யாரோ ஒரு ஆள் சும்மா நின்று கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். குன்ஷான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

எப்போது கையை விட்டான் என்று குய்லானுக்குத் தெரியவில்லை. அவள் போய் அடுப்பை அணைத்தாள். குழாயில் கையைக் கழுவினாள். பிளேடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்து, மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"சாயங்காலம் ஆளுங்க வந்துடுவாங்க. இன்னும் முயல் பாக்கி இருக்கு. கத்தியைக் குடுங்க."

அவன் கத்தியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஓரடி பின்வாங்கினான்.

சரி என்று அவள் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கட்டைவிரலை மேலங்கியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள்.

வாள் இன்னும் அவன் கழுத்தில்தான் இருந்தது.