ஆண் சிலந்தியின் பெயர்

கணினித் திரையில் மரம் படுத்துக் கிடந்தது. வேர் இடப்பக்கம், கொம்புகள் வலப்பக்கம்.

ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் ஒரு சிலந்தி. வலை பின்னாமல், காட்டுத் தரையில் அலைந்து இரை தேடும் சிலந்திகள். யாருக்கு யார் நெருங்கிய சொந்தம் என்று அவற்றின் மரபணு சொன்னபடி மரம் கிளை பிரிந்திருந்தது.

கடைசிக் கொம்பில் மட்டும் இரண்டு பெயர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"சிலந்திக்கு எட்டுக் கண்ணு. உனக்கு இருக்கறதே ரெண்டு, அதுவும் தெரியலையாடி?" என்று சிரிக்க ஆரம்பித்த பிரிஸில்லா, ஜஹனாராவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கல்லூரி நாளிலிருந்து தோழி. மரத்தை வரைந்தவளும் அவள்தான்.

இரண்டும் வேறு வேறு இனமில்லை. ஒன்று பெண், மற்றது ஆண். அவ்வளவுதான்.

இந்த வேலையில் நேர்கிற தவறுதான். பெண் தடித்து மண் நிறத்தில் இருக்கும். ஆண் ஒல்லி, நீளக் கால்கள், முதுகில் வெள்ளைக் கோடு. தனித்தனியாகக் கிடைத்தால் தனித்தனிப் பெயர் விழுந்துவிடும்.

பெண்ணுக்குப் பெயர் வைத்தவர் உமர், ஜஹனாராவின் கணவர். திருமணத்துக்கு முந்தைய வருடம் அது. பிறகு அதன் ஆணைத் தேடி மழைக்காலம்தோறும் மலையேறினார். கிடைக்காமலே கண் மூடினார்.

அவர் போன மறு வருடம், வேறொரு மலையில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே அவளுடைய டார்ச் வெளிச்சத்தில் இந்த ஆண் கண்கள் மின்ன நின்றது. புதிய இனம் என்று நம்பினாள். நம்ப விரும்பினாள்.

உமரின் பெயரையே, லத்தீன் முறைப்படி கடைசி எழுத்தை மாற்றி, 'உமரி' என்று வைத்தாள்.

ஓர் இனத்துக்கு இரண்டு பெயர் கூடாது. முதலில் வைத்தது நிற்கும், பின்னால் வந்தது நீங்கும். நீங்க வேண்டியது உமரி.

ஜன்னலுக்கு வெளியே அடையாறு வெயிலில் அசையாமல் கிடந்தது. தண்ணீர் கடலுக்குப் போகிறதா, கடலிலிருந்து வருகிறதா என்று சொல்ல முடியவில்லை.

அவள் மேசையிலிருந்த குப்பியைக் கையில் எடுத்தாள். ஆல்கஹாலில் மிதந்த ஆணின் கால்கள் மெல்ல விரிந்தன, தூக்கத்தில் நடப்பதுபோல. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்குள் மழை பெய்வதுபோல இருந்தது. யாரோ முன்னால் நடந்துபோவதுபோலவும்.

"இந்த ரெண்டையும் கட்டுரையில சேர்க்காம வுட்டுடலாம், ஜானு." பிரிஸில்லாவின் குரல் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. "உமர் பேரு இருந்துட்டுப் போகட்டுமே. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்க மாட்டார்கள்தான்.

ஆனால் உமர் தேடிய ஆண் என்றைக்கும் கிடைக்காததாகவே இருந்துவிடும்.

ஜஹனாரா குப்பியை வைத்துவிட்டுக் கீபோர்டை இழுத்துக்கொண்டாள். 'உமரி' என்ற பெயர் இனிச் செல்லாது என்று அடித்தாள்.

நிற்கப் போகும் பெயரை எழுத வேண்டிய அடுத்த வரியில்தான் விரல்கள் நின்றன. அந்தப் பெயரை அவள் எந்தக் கட்டுரையிலும் தன் கையால் எழுதியதில்லை. எப்போதும் உமர்தான் எழுதுவார். அவள் வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவாள்.

"இத நீயே அடிச்சுடு பிரிஸி," என்று நாற்காலியை விட்டு எழுந்தாள்.

பிரிஸில்லா உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள்.

ஜஹனாரே.