ரோஜா ஜாம் வைத்த கொவாச்கி

முதல் தட்டு ஓவனிலிருந்து வெளியே வந்தபோது, கொவாச்கிப் பலகாரங்களில் பாதி வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன.

சதுரமாக வெட்டிய மாவின் நடுவில் ஜாமை வைத்து, எதிரெதிர் முனைகளை இழுத்து ஒட்டியிருந்தாள் எவெலினா. சூட்டில் ஒட்டு விட்டுப்போய், பிளம் ஜாம் தட்டெங்கும் வழிந்து கருகியிருந்தது.

“வருஷா வருஷம் இப்படித்தான் செய்றீங்களா?” என்றாள் லூட்சினா.

கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. குரலில்தான் கொஞ்சம் காரம்.

லூட்சினா, விட்டோல்டின் முதல் மனைவி. எவெலினா இரண்டாமவள். விட்டோல்ட் அக்டோபரில் இறந்துபோனான்.

அடக்கத்தன்று குழிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று நின்றார்கள். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. லூட்சினாவின் மகள் கிங்காதான் இரண்டு பேரிடமும் போய்ப் போய் நின்றாள். நார்வேயில் மீன் பதனிடும் ஆலையில் அவளுக்கு வேலை. விமானம் ஏறுமுன், “கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அப்பா வீட்டுலதான் சாப்பாடு. நீங்க ரெண்டு பேரும் இருக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ராத்திரி இன்றுதான்.

காலையில் எவெலினா கதவைத் திறந்தபோது, தொப்பியில் பனியோடு லூட்சினா நின்றாள். குரோஸ்னோ நகரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். பையில் மாவும் வெண்ணெயும் ஒரு பாட்டில் ரோஜா ஜாமும் இருந்தன. மேலங்கியைக் கழற்றியதும் கேட்காமலே சமையலறைக்குள் போய், கேட்காமலே ஓர் ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அது விட்டோல்டுடையது. எவெலினா பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது லூட்சினா ஒரு முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைத் தனியே ஊற்றினாள்.

“இதைத் தொட்டு ஒட்டணும். வெறும் தண்ணியைத் தொட்டா இப்படித்தான் பல்லிளிக்கும்.”

எவெலினா தொட்டு ஒட்டினாள். ஒட்டிக்கொண்டது. அதுவேறு எரிச்சலாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அடுப்பில் பீட்ரூட் சூப் மெல்லக் கொதித்தது. இரண்டு பெண்களும் ஒரே பலகையில் மாவைத் தேய்த்து, முழங்கை இடித்துக்கொள்ளாமல் வேலை செய்தார்கள்.

லூட்சினா ரோஜா ஜாம் பாட்டிலைத் திறந்தாள். வாசனை அறை முழுக்கப் பரவியது.

“அவனுக்கு இதுன்னா உயிர்” என்றாள். “நான் செய்யும்போதே பக்கத்துல வந்து நின்னு, சூடு ஆறுறதுக்குள்ள அள்ளிட்டுப் போவான்.”

எவெலினாவின் கை நின்றது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள்.

“என்கிட்ட வேற மாதிரி சொன்னாரே.”

“என்ன சொன்னான்?”

“ரோஜா ஜாம் தின்னா சோப்பு தின்ன மாதிரி இருக்குன்னாரு. என்னைச் செய்யவே விட்டதில்லை.”

லூட்சினா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்த முதல் நாளே சண்டையா என்று எவெலினாவுக்குத் திக்கென்றது.

பிறகு லூட்சினாவின் தோள்கள் குலுங்கின. சத்தமில்லாமல் தொடங்கி, மூச்சு வாங்குகிற அளவுக்குச் சிரித்தாள்.

“அத்தனை வருஷமும் சோப்பையா தின்னுட்டிருந்தான் படுபாவி” என்றாள். “ஒரு வார்த்தை சொல்லலையே என்கிட்ட.”

எவெலினாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தான் செய்ததில் எதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு தின்றாரோ என்று நினைத்தாள். கேட்க ஆளில்லை. அக்டோபருக்குப் பிறகு அந்தச் சமையலறையில் யாரும் சிரித்திருக்கவில்லை.

சிரித்து முடிந்ததும் லூட்சினா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் மாவு ஒட்டிக்கொண்டது.

“நீ அந்தத் தட்டை உள்ளே வை” என்றாள்.

இத்தனை வருடத்தில் அவள் எவெலினாவை ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு அவளுக்கே அது உறைத்திருக்க வேண்டும். பலகையிலிருந்த மாவை அவசரமாகத் திரட்டத் தொடங்கினாள்.

எவெலினா தட்டை உள்ளே வைத்தாள்.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வெந்தவற்றின் மேல் லூட்சினா பொடித்த சர்க்கரையைத் தூவினாள். அவள் கண் அடிக்கடி சாலைப் பக்கம் போய்வந்தது.

“கிங்காவுக்கு அப்ரிகாட் வச்சதுதான் பிடிக்கும்” என்றாள். “அவ ரயில் வர இன்னும் நேரமாகும். வந்ததும் ஒரு வாய் சாப்பிட்டுட்டு நான் கிளம்பிடுவேன்.”

எவெலினா ஓவனின் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை.

“இன்னைக்குக் கடைசி பஸ் மத்தியானமே போயாச்சு” என்றாள்.

“ஓ” என்றாள் லூட்சினா. அவள் குரலில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

“ஜன்னலோரத்து அறையில படுக்கை விரிச்சு வச்சிருக்கேன்.”

“அது கிங்காவுக்கு.”

“அவ வர முடியலேன்னா நீங்க படுத்துக்குங்க.”

 லூட்சினா சல்லடையைத் தட்டி மிச்சச் சர்க்கரையையும் தூவினாள். கொஞ்சம் அதிகமாகவே தூவினாள்.

அன்று விடிந்ததுமே, லூட்சினா வந்து சேருமுன், கிங்கா நார்வேயிலிருந்து கூப்பிட்டிருந்தாள். லீவு கிடைக்கவில்லையாம். “அம்மாகிட்ட போன வாரமே சொல்லிட்டேனே, அவங்க உங்ககிட்ட சொல்லலையா?” என்று கேட்டாள்.

“சொன்னாங்க சொன்னாங்க” என்று ஃபோனை வைத்துவிட்டு, எவெலினா அதன் பிறகுதான் போய் அந்தப் படுக்கையை விரித்தாள்.