பொடி எழுத்து

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ரொட்டிக்கடையில் நான் பார்த்த காட்சி ஒன்றைச் சொல்கிறேன். காலை வெயில் கண்ணாடி அலமாரியில் விழுகிறது. கடைக்காரி, சோதனைக்கு வந்த உணவுத்துறை அதிகாரியிடம் பொரிந்து தள்ளுகிறாள்: "என்னென்ன போட்டிருக்குன்னு பாக்கெட்டுக்குப் பாக்கெட் எழுதணுமாம்! பிடிச்சவன் சாப்பிடுறான், பிடிக்காதவன் போறான். இதுல சட்டத்துக்கு என்ன வேலை சார்?" வீம்புக்கென்றே கடுகளவு எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். அவர் வாய் திறப்பதற்குள், வாசலை அடைத்தாற்போல் ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்து, பிஸ்கட் பாக்கெட் ஒன்றை வெயிலில் தூக்கிப் பிடிக்கிறார். தடித்த விரல் எழுத்தெழுத்தாக ஊர்ந்து ஒரு சொல்லில் நிற்கிறது. பாக்கெட்டை மெல்லத் திரும்ப வைக்கிறார். "வேர்க்கடலை எனக்கு ஒத்துக்காது. ஒரு துணுக்கு போதும்க்கா, தொண்டை அடைச்சிடும். போன வருஷம் பொழைச்சதே பெரிசு." அடுத்ததைப் படித்துப் பார்த்து எடுத்துக்கொள்கிறார். "மத்த கடையில கேட்டா, 'ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க'ம்பாங்க. நீங்கதான் எழுதி வச்சிருக்கீங்க. நல்லா இருக்கணும்க்கா நீங்க." அதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். சிவந்த முகத்தோடு கடைக்காரி புதுச் சீட்டு ஒன்றைக் கிழித்து, 'வேர்க்கடலை' என்று கட்டைவிரல் பருமனுக்கு எழுதுகிறாள். உங்கள் வீட்டு அடுப்பும், அதில் வெந்ததை உண்ணும் வாய்களும் நலமாக இருக்கட்டும், கண்ணுகளா.