ஆறாவது நாடு

மகன் வீட்டுக்கு விமானம் ஏறி வந்த மாமியாருக்கு அந்த ஊர் பாஷை ஒரு வார்த்தையும் தெரியாது. மருமகள்தான் துணை. ஞாயிறுதோறும் ஓர் உணவகம், ஒரு நாட்டுச் சாப்பாடு என்று இருவரும் ஐந்து நாடுகளை முடித்திருந்தார்கள். மாமியார் எதையும் குறை சொன்னதில்லை. பச்சை மீனைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டார்.

ஆறாவது ஞாயிறு, முதல் வாயிலேயே முகம் கோணியது.

"ஏம்மா, இது சாப்பிடுறதா, பூசிக்கிறதா?"

"அவங்க பக்குவம் அப்படி, அத்தை."

பரிமாறியவர் குனிந்து பெருமையாக ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"அந்த நாட்டுல இதைக் கல்யாணத்துக்குத்தான் செய்வாங்களாம்."

"பொண்ணு வீட்டுக்காரங்க பாவம். அங்க இருக்கற பொம்பளைங்க யாருக்குமே சமைக்கத் தெரியாதா?"

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சிரிக்காம சொல்லு. எந்த நாட்டுச் சாப்பாடு இது?"

அதுவரை மடியில் மறைத்து வைத்திருந்த மெனு அட்டையை மருமகள் மேஜைமேல் வைத்தாள்.

"நம்ம நாட்டுச் சாப்பாடாம், அத்தை."

மாமியார் தட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

"சமையல்கட்டு எந்தப் பக்கம்னு அந்தத் தம்பிகிட்ட கேளு."