முப்பதா, இருபத்தைந்தா?

பட்டறை ஓரத்தில் ஒரு பூவரசங்கட்டை கிடந்தது. அதை அறுக்கப் போகும் ரம்பச் சங்கிலியின் பற்களைத் தீட்ட உட்கார்ந்தது உருட்டு அரம். முப்பது டிகிரி சாய்வில் எல்லாப் பல்லையும் ராவி முடித்ததுமே அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா இருக்காமல் கட்டையிடமே போய்க் கேட்டது.

"ஏம்ப்பா, சாய்வு கூடிப்போச்சோ?"

"நான் வைரம் பாய்ஞ்ச கட்டை அண்ணே. முப்பது வச்சா பல்லு சீக்கிரம் மழுங்கிடும். இருபத்தஞ்சு வைங்க," என்றது கட்டை.

அரம் எல்லாப் பல்லையும் இருபத்தைந்துக்கு மாற்றி ராவியது. அன்றைக்கென்று மழை கொட்டியது.

"ஊறிப் போயிட்டேன் அண்ணே. இப்ப முப்பத்தஞ்சு வச்சாத்தான் நறுக்குன்னு இறங்கும்," என்றது கட்டை.

அரம் மறுபடியும் முதல் பல்லிலிருந்து தொடங்கியது.

"எந்தச் சாய்வா இருந்தாலும் ஒண்ணுல நில்லுய்யா! நீ மாத்த மாத்தத் தேயறது என் பல்லு," என்று சங்கிலி கத்தியது.

"ஏனோதானோன்னு ராவுனா என் பேரு கெட்டுடும்!" என்று சீறியது அரம். வெயில் அடித்ததும் மறுபடியும் இருபத்தைந்துக்கு வந்தது. உட்கார முடியவில்லை, உறங்க முடியவில்லை, ராவிக்கொண்டே இருந்தது.

ஒரு காலையில், "முடிவு பண்ணிட்டேன், முப்பதேதான்!" என்று துள்ளி எழுந்து பல்லைத் தேடியது. சங்கிலியில் வெறும் மொட்டைதான் மிச்சம்.

"சரியான முடிவு அண்ணே," என்றது கட்டை. அதன் விலாவில் புதிதாய்த் துளிர்த்திருந்த இலைகள் காற்றில் ஆடின.